வத்தேகமவில் ஒரு பென்குவின்

கட்டுக்கலை, கண்டி
29.04.2007

பாசமுள்ள மகள் ஞானேஸ்வரிக்கு,

சித்தப்பா மூக்கையா எழுதிக்கொள்வது. இந்த வீட்டில் நானும், உன் சித்தி அன்னலட்சுமியும், என் முழங்கால் வலியும் ஆக மூவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். வவுனியாவில் நீயும் உன் கொம்பியூட்டர் வகுப்புப் பிள்ளைகளும் எப்படி? போகும் வழியில் பஸ்ஸை எத்தனை இடத்தில் நிறுத்தி இறக்கி ஏற்றினார்கள்?

நிற்க. (முழங்காலால் முடியாததை எழுத்திலாவது செய்கிறேன்.)

மாநகர சபையில் தண்ணீர் பில் பகுதியில் முப்பத்தோரு வருஷம் இருந்துவிட்டு, இப்போது ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறவன் நான். ஆகவே பின்னணியிலிருந்தே தொடங்குகிறேன். உன் அம்மா கண்மூடிய பிறகு அவளுடைய அக்கா வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும், அதாவது வத்தேகமப் பெரியப்பா இராமநாதனுக்கும் கண்டிச் சித்தப்பாவாகிய எனக்கும், பிள்ளை என்று இருப்பது நீ ஒருத்தி. இது சரித்திரம். சித்திரை வருஷத்துக்கு நீ நான்கு நாள் லீவில் வந்தாய். அதில் மூன்று நாளை வத்தேகமவில் கழித்தாய். கண்டிக்கு வந்தது ஒரு மத்தியானம். கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டாய், போய்விட்டாய். இது அநியாயம்.

நேற்று சகலை என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். என்னைக் கதிரையில் உட்காரவைத்து, தன் கொம்பியூட்டரின் சுவிட்சில் விரலை வைத்து, "சகலை, எண்ணுங்க" என்றார். நாற்பது எண்ணுவதற்குள் திரை திறந்து, அதிலே ஒரு பென்குவின் குந்திக்கொண்டு என்னைப் பார்த்தது.

"லினக்ஸாம். நம்ம மகள் போட்டுக் குடுத்துட்டுப் போச்சி. வைரஸ் வராதாம். பாதுகாப்பு, வேகம், ரெண்டும் இருக்காம்."

நம்ம மகள் என்றார்! அந்த 'நம்ம' என்ற சொல்லை உச்சரிக்கும்போது அவருடைய வயிறு ஒரு அங்குலம் முன்னால் வந்தது. ஏற்கனவே அது வத்தேகம சந்தை வரை வந்துவிட்ட வயிறு.

என் வீட்டு மெஷினை நீ அறிவாய். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கிறேன். பிள்ளையார் கோவிலை மூன்று சுற்றுச் சுற்றி, பேக்கரியில் பாண் வாங்கி வருகிறேன். அதற்குள் உன் சித்தி பக்கத்து வீட்டுடன் சண்டைபிடித்து, சமாதானமும் ஆகிவிடுகிறாள். நேற்று அது திறந்து முடிவதற்குள் நம் மகாவலி கங்கை திருகோணமலை போய்க் கடலில் விழுந்துவிட்டது. சத்தம் இங்கே கேட்டது.

ஆகவே என் கோரிக்கை: வீட்டுக் கொம்பியூட்டருக்குப் பாதுகாப்பானதும் வேகமானதுமான சிஸ்டம் எது என்று எனக்கு உடனே தெரியப்படுத்தவும். அவருக்குப் பென்குவின் என்றால் எனக்குக் குறைந்தபட்சம் ஒரு பெரஹரா ஊர்வலத்து யானையாவது வேண்டும்.

சித்தி உன் இருமலை விசாரிக்கிறாள். ஆடாதோடை அவித்துக் குடிக்கவும்.

அநீதி இழைக்கப்பட்ட,
சித்தப்பா


வைரவபுளியங்குளம், வவுனியா
09.05.2007

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மகள் ஞானேஸ்வரி. சுகமாக இருக்கிறேன். இருமல் குறைந்துவிட்டது என்று சித்தியிடம் சொல்லுங்கள். முழங்காலுக்கு அந்த எண்ணெயைப் பூசுகிறீர்களா, போத்தலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறீர்களா?

உங்கள் மனு கிடைத்தது. சிரித்து முடித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.

பெரியப்பாவின் மெஷின் புதியது. உள்ளே ஒன்றும் போடாமல் வாங்கியிருந்தார். அவர் அதில் செய்வது மூன்று வேலைதான்: ஈமெயில் பார்ப்பது, பேப்பர் வாசிப்பது, சீட்டு விளையாடுவது. அதற்கு லினக்ஸ் போதும்; அதன் சின்னம்தான் அந்தப் பென்குவின். யாரும் காசு கேட்க மாட்டார்கள். வைரஸ்களும் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

உங்களுடையது அப்படியல்ல. உங்கள் மெஷினில் இருப்பது விண்டோஸ் என்றாலும், அது டவுனில் யாரோ ஒரு பொடியன் கள்ள சீடியில் போட்டுத் தந்தது. அதற்குமேல் நீங்கள் கண்ட சீடியையெல்லாம் போட்டிருக்கிறீர்கள். மெதுவாவதற்கு அதுதான் காரணம். நீங்கள் மனு அடிக்கிற தமிழ் எழுத்து இருக்கிறதே, அது பழைய முறை எழுத்து. அந்த எழுத்தைப் போட்டிருக்கிற மெஷினில்தான் அது தமிழாகத் தெரியும். பென்குவினில் அது இல்லை. உங்கள் மனுவை அங்கே திறந்தால் இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டும். கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஒன்பது வருஷமாக நீங்கள் அடித்து வைத்திருக்கும் மனுக்கள் எல்லாம் அப்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் உங்கள் மெஷினில் நான் கைவைக்கவில்லை. மறந்துபோகவில்லை சித்தப்பா.

ஆகஸ்ட் லீவில் வந்து ஒரே மெஷினில் இரண்டு சிஸ்டத்தையும் போட்டுத் தருகிறேன். அதுவரை வைரஸைப் பிடித்து வெளியேற்றுகிற ஒரு வைரஸ் கார்ட் போடுங்கள். புதுச் சீடி எதையும் உள்ளே விடாதீர்கள். மனுக்களை வேறொரு சீடியில் பிரதி எடுத்து அலுமாரியில் வையுங்கள். எந்தச் சிஸ்டம் பாதுகாப்பு என்பதைவிட, அதன் முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முக்கியம்.

சித்திக்கு என் அன்பு.

மகள்,
ஞானேஸ்வரி


கட்டுக்கலை
17.05.2007

மகள் ஞானேஸ்வரிக்கு,

சித்தப்பா. சுகம் என்று எழுதினால் பொய்யாகும். சித்தி சுகம்.

உன் கடிதத்தின் கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது நான். விளங்கிக்கொண்டேன்.

வைரஸ் கார்ட் போட்டாயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு வைரஸ்கள் பிடிபட்டன. அவற்றில் சில குடும்பம் குட்டிகளோடு குடியிருந்தன. ஒன்றுக்கு வாக்காளர் இடாப்பிலேயே பெயர் இருக்கும்போல. இத்தனையையும் வெளியேற்றிய பிறகும் வேகம் கூடவில்லை. வீடு காலியான துக்கத்தில் மெஷின் இன்னும் மெதுவாகிவிட்டது.

எழுத்து, கோழி, அரைப்புள்ளி என்று நீ எழுதியதெல்லாம் சாக்கு. நான் மாநகர சபையில் முப்பத்தோரு வருஷம் சாக்குச் சொன்னவன், எனக்கே சாக்கா?

வெள்ளிக்கிழமை கோவிலில் என்ன நடந்தது தெரியுமா? பூசை முடிந்து திருநீறு வாங்குகிற நேரத்தில், சகலை ஐயர் காதுபடச் சொல்கிறார்: "நமக்கு மகள்கிட்ட இருந்து வாரா வாரம் ஈமெயில் வந்துகிட்டே இருக்கு. தட்டினா ஒடனே தொறக்குது. சகலைக்குத்தான் பாவம், கடிதாசி வர்ற வரைக்கும் தபால்காரனப் பாத்துக்கிட்டு நிக்கணும்."

ஐயரும் "ஐயோ பாவம்" என்றார். எனக்குக் கொடுத்த திருநீற்றிலும் அளவு குறைவாக இருந்தது.

வாரா வாரமா? எனக்கு இந்த வருஷம் வந்த கடிதங்களை விரலில் எண்ணலாம், பெருவிரலைப் பயன்படுத்தாமலே.

சரி. நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

சித்தப்பா


வவுனியா
28.05.2007

சித்தப்பா,

சுருக்கமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நான் சுகம். பத்து நாளாக வகுப்பு இல்லை. போனும் பாதி நாள் இல்லை. கடைசி நாள் பின்னேர வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஷெல் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் மேசைக்கடியில் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் விசைப்பலகையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவளை நான்தான் இறக்கினேன். இப்போது பரவாயில்லை. சித்திக்குச் சொல்லாதீர்கள்.

"வேறு வழி" என்றால் என்ன? அதை மட்டும் எழுதுங்கள்.

ஞானேஸ்வரி


கட்டுக்கலை
05.06.2007

என் செல்வ மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சித்திக்குச் சொல்லவில்லை. நீ கவனமாக இரு. அந்தப் பிள்ளையையும் பார்த்துக்கொள்.

இனி உன் மனதைத் தேற்ற ஒரு நல்ல செய்தி. எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது! கண்டி வாவி போலத் தெளிந்துவிட்டேன். (வாவி தெளிவாக இல்லை என்று நீ சொல்லக்கூடும். அது மாநகர சபையின் குறைபாடு, என்னுடையதல்ல.)

வத்தேகம மகாராஜாவுக்கு ஏதோ ஒரு சர்வதேசப் பேரவையிலிருந்து, பென்குவினைப் பற்றி ஒரு ஈமெயில் போயிருப்பதாகக் கேள்வி. யார் அனுப்பியது, என்ன எழுதியிருந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. கீழே ஆள் பெயர் இல்லையாம், அனுப்பிய ஈமெயில் முகவரியும் யாரும் அறியாத புது முகவரியாம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் அது அடித்த எழுத்து. மொட்டைக் கடிதத்துக்குக் கொம்பியூட்டரைப் போல ஒரு வரப்பிரசாதம் இந்தப் பூமியில் இதுவரை தோன்றவில்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் விசித்திரம் பார். ஐந்து நாளாகிறது. மகாராஜா அசையவில்லை. பதறிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார், "சகலை, இந்தப் பறவைய எப்பிடி வெளிய எடுக்கிறது?" என்று காலில் விழுவார் என்று காத்திருக்கிறேன். வேட்டி கூடத் துவைத்துப் போட்டுவிட்டேன். ஆளைக் காணவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தெளிந்த சித்தப்பா


கட்டுக்கலை
13.06.2007

மகளுக்கு,

சித்தி சுகம். நானும் சுகம்.

பெரியப்பாவைப் பிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் கண்டிக்கு வந்த பஸ்ஸை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். அவருடைய சட்டைப் பையில் ஒரு தாள் இருந்திருக்கிறது. இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக இருந்ததாம். இங்கிலிஷும் இல்லை, சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. என்ன பாஷை என்று கேட்டார்களாம். தெரியாது என்றாராம். யார் அனுப்பியது என்று கேட்டார்களாம். அதுவும் தெரியாது என்றாராம். சங்கேத எழுத்து என்று எழுதிக்கொண்டு அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டர் பெட்டியையும் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

பெரியம்மா இங்கே வந்துவிட்டாள். அழவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவரைப் பார்க்க விடவில்லை. சாப்பாட்டுப் பார்சலை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பொது அறிவுக்காக ஒன்று கேட்கிறேன். பழைய முறை எழுத்தில் அடித்த ஒன்றை ஈமெயிலில் அனுப்பினால், பென்குவினில் அது எப்படித் தெரியும்? அதை மறுபடி தமிழாக வாசிக்க யாராலாவது முடியுமா?

சித்தப்பா


வவுனியா
20.06.2007

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னால் பெரியம்மாவின் கடிதம் வந்துவிட்டது. பெரியப்பா வத்தேகம கொமியூனிகேஷன் கடையில் அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்திருக்கிறார். ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெரியம்மா அதை எனக்கு அனுப்பியிருக்கிறாள், "நீ படிச்ச பிள்ளை, இது என்னான்னு பாரு" என்று. உறையை யாரோ பிரித்து ஒட்டியிருந்தார்கள். என்னிடம் யாரும் வந்து கேட்காதது என் நல்ல காலம்.

உங்கள் பொது அறிவுக் கேள்விக்குப் பதில்: முடியும். அந்த எழுத்துக்கு எந்த விசை எந்தத் தமிழ் எழுத்து என்று எனக்கு மனப்பாடம். பென்சிலால் எழுத எழுத இப்படி வந்தது:

"உயர்திரு வத்தேகம இராமநாதனுக்குச் சிரம் தாழ்த்தி விடுக்கும் எச்சரிக்கை. உமது இல்லத்தில் பதுங்கியிருக்கும் வெளிநாட்டுப் பறவையைப் பதினான்கு தினங்களுக்குள் வெளியேற்றாவிடில், உமது கொம்பியூட்டர் வெடித்து வத்தேகம நகரமே சாம்பலாகும். இப்படிக்கு, அகில உலகக் கொம்பியூட்டர் பாதுகாப்புப் பேரவை, தலைமையகம்."

சிரம் தாழ்த்தி எச்சரிக்கை விடுக்கிற ஆள் இந்த நாட்டில் ஒருவர்தான் இருக்கிறார். இதை வாசிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு இடத்தில்கூட மிகைப்படுத்தல் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு கடிதம் உங்களிடமிருந்து எனக்கு வந்ததில்லை.

நீங்கள் ஏன் போகவில்லை என்பதும் எனக்கு விளங்குகிறது. வாசிக்காவிட்டால் சங்கேதம். வாசித்தால் 'வெடித்து'. இரண்டு பக்கமும் பயம். ஆனால் சித்தப்பா, பெரியப்பாவுக்கு ஒரு பக்கம்தான் இருக்கிறது. அவர் உள்ளே இருக்கிறார்.

போனில் இதைப் பேச முடியாது. இங்கே என்னுடன் படிப்பிக்கும் றமீஸா டீச்சர் நாளை ஊருக்குப் போகிறா, உங்கள் பக்கத்து அக்குறணைக்கு. அவவிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பொதி கொடுத்து விடுகிறேன். அதில் நான் தமிழில் எழுதிய பிரதி இருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களும் இருக்கின்றன: மகாவலி கடலில் விழுந்த கடிதம், வாக்காளர் இடாப்பில் இருக்கும் வைரஸ், எல்லாம். நான் உங்களுக்கு எழுதியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி நமக்கில்லை. நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

போவதற்கு முன்னால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். போய்விட்டு வந்து எழுதுங்கள்.

ஞானேஸ்வரி


கட்டுக்கலை
28.06.2007

மகள் ஞானேஸ்வரிக்கு,

பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். முதலில் அது. நேற்று முன்தினம் விட்டார்கள். உடம்பில் காயம் இல்லை. தாடி வளர்ந்திருக்கிறது. வயிறு பாதியாகிவிட்டது. அந்த வயிற்றைப் பற்றி இனி ஒரு சொல் எழுத மாட்டேன்.

இனி என் வாக்குமூலம். பாலத்தடியில் பிடித்துவிட்டார்கள் என்று பெரியம்மா வந்து சொன்னபோது, என் நெஞ்சு பதைப்பதற்கு முன்னால் ஒரு நினைப்பு வந்தது: 'பென்குவினும் போச்சு.' சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். அதற்குப் பிறகுதான் அந்தத் தாள் எது என்று எனக்கு உறைத்தது. அந்த ஒரு நிமிஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். வாசலில் 'வெடித்து' என்ற சொல் நின்றது. திரும்பி வந்தேன்.

றமீஸா டீச்சர் வெள்ளிக்கிழமை பொதியைக் கொண்டுவந்து தந்தா. நல்ல பிள்ளை. தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் வேட்டி கட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஹுஸைன் என்று ஒரு சார்ஜன் மொழிபெயர்த்தார், தெல்தெனிய ஆள். சகலையையும் கொண்டுவந்து எதிரே நீண்ட மர வாங்கில் இருத்தினார்கள். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. தன்னை மீட்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

சார்ஜன் முதலில் உன் பிரதியை வாசித்தார். "ஐயா, இதுல வெடிக்கும் என்டு ஈக்கிதே? வத்தேகம சாம்பல் என்டும் ஈக்கிதே? ஆரு எழுதின?"

"நான்தாங்க எழுதினேன்."

சகலையின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தேன்.

"ஏன் எழுதின?"

"பொறாமைங்க."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் மறுபடி கேள் என்றார். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். அதன் பிறகு கடிதங்களை எடுத்தார்கள். ஒவ்வொன்றாக, மகளே. சத்தம் போட்டு. நான் எழுதியவை, நீ எழுதியவை. மகாவலி கங்கை, பெரஹரா யானை, ஐயர் குறைத்துக் கொடுத்த திருநீறு, வத்தேகம சந்தை வரை வந்த வயிறு. வீட்டுக்குள் தனியாக எழுதும்போது எவ்வளவு நன்றாக இருந்த வசனங்கள்! பொலிஸ் ஸ்டேஷனில், எதிரே அந்த வயிற்றுக்காரரே மெலிந்து போய் உட்கார்ந்திருக்கக் கேட்டால், ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். உண்மையிலேயே இந்த ஆளின் கொம்பியூட்டர் திறக்க அவ்வளவு நேரம் எடுக்குமா?

ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தெரு முழுவதும் பார்த்தது. இன்ஸ்பெக்டர் என் கதிரையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "போடு" என்றார். போட்டேன். உன் சித்தி பிளேன்டீ கொடுத்தாள். காத்திருந்தார்கள். மறுபடி பிளேன்டீ கொடுத்தாள். நடுவில் ஒரு நடிகை திரையில் தோன்றி, கண்ணடித்துவிட்டு மறைந்தாள். "அது நானில்லீங்க, வைரஸ்" என்றேன். இருபத்துமூன்று நிமிஷம். நான் எந்தக் கலப்பும் செய்யாத இருபத்துமூன்று நிமிஷம், அவருடைய கடிகாரத்தில். அதன் பிறகு அந்த ஈமெயிலைத் திறந்து காட்டினேன். என் மெஷினில் அது நல்ல தமிழாக, கொட்டை எழுத்தில், எனக்கு எதிராக நின்றது.

இன்ஸ்பெக்டர் எழுந்து ஏதோ சொன்னார். சார்ஜன் என்னிடம் சொன்னார்: "இது வெடிக்கிற சாமான் இல்ல ஐயா. இது தொறக்கிறதே பெரிய விஷயம் என்டு சொல்றாரு."

ஆனாலும் சும்மா விடவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் பதில் வரும்வரை என்னையும் வைத்துக்கொண்டார்கள். மூன்று நாள். அதே வாங்கில், சகலைக்குப் பக்கத்தில். பெரியம்மா அனுப்பிய பார்சலை அவர் பிரித்து, சோற்றை இரண்டாகப் பங்கிட்டு, என் பங்கை என் பக்கம் தள்ளிவிடுவார். பேசவில்லை. மூன்று நாளில் ஒரு சொல் இல்லை. வெளியே விட்ட பிறகும் வத்தேகம பஸ்ஸில் ஏறினார், திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆயிரம் பதில் இருந்தது.

சித்தப்பா


வத்தேகம
06.07.2007

சகலை மூக்கையா அவர்களுக்கு,

இராமநாதன் எழுதுவது. ஆள் அனுப்பிச் சுகம் விசாரித்தீர்கள். சுகம். கொம்பியூட்டர் பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். பென்குவின் உள்ளே அப்படியே இருக்கிறது.

எனக்கு உங்களைப் போல எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அந்தத் தாளை யாரிடம் காட்டுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். நம் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்தவர் நீங்கள். உங்களிடம் காட்டத்தான் அன்றைக்குக் கண்டிக்கு பஸ் ஏறினேன். பாலத்தடியில் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னால் உங்களையும் இழுப்பார்கள் என்று கோவிலுக்கு என்றேன். பிறகும் பல தரம் கேட்டார்கள். கோவிலுக்கு என்றே சொன்னேன்.

அதற்காக நான் கோபப்படவில்லை. நீங்கள் எழுதியது தெரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது, அந்த இடத்தில் சிரிக்க முடியவில்லை. வயிற்றைப் பற்றி எழுதியதும் பரவாயில்லை. கண்ணாடியில் நானும் பார்க்கிறேன்.

என் கோபம் வேறு. மகள் எழுதிய கடிதங்களையும் சார்ஜன் வாசித்தார். வகுப்பு பத்து நாள் மூடியிருந்தது, ஷெல் சத்தத்தில் பிள்ளைகள் மேசைக்கடியில் போனது, ஒரு பிள்ளை விசைப்பலகையை விடாமல் இருந்தது. எனக்கு இது ஒன்றும் தெரியாது. எனக்கு வாரா வாரம் ஈமெயில் வருகிறது என்று கோவிலில் பெருமை அடித்தேன். உண்மைதான், வருகிறது. "பெரியப்பா, வேலை செய்கிறதா? அந்தச் சிவப்பு பட்டனை அமத்தாதீர்கள்." இரண்டு வரி. இதுவரை எட்டு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எட்டையும் சேர்த்தாலும் உங்களுக்கு வந்த ஒரு கடிதத்தின் நீளம் இல்லை.

அந்த வாங்கில் மூன்று நாள் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் பொறாமை வெளியே வந்துவிடும் என்றுதான் பேசவில்லை.

ஒரு உதவி. ஆகஸ்ட்டில் மகள் வரும்போது பென்குவினை எடுத்துவிட்டு, உங்களுடையது மாதிரி ஒன்றை எனக்கும் போடச் சொல்லுங்கள். திறக்க இருபத்துமூன்று நிமிஷம் எடுக்கிற மாதிரி. அப்போதாவது எனக்குக் கடிதம் எழுதுவாள்.

என் வீட்டுக்காரி தன் தங்கச்சியை வரச் சொன்னாள்.

இராமநாதன்


கட்டுக்கலை
12.07.2007

என் மகள் ஞானேஸ்வரிக்கு,

சித்தப்பா. சித்தி வத்தேகமவுக்குப் போயிருக்கிறாள், அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து எங்கள் இருவரையும் திட்டுவதற்கு. ஆகவே வீடு அமைதி, உடம்பு சுகம். நீ எப்படி? போன் வேலை செய்கிறதா? மேசைக்கடியில் போகாத அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருகிறாளா?

பெரியப்பாவின் கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். வாசி. நான் நான்கு தரம் வாசித்தேன். வாசிக்க நான்கு வருஷம் எடுத்தது. இது மிகைப்படுத்தல் இல்லை.

சிஸ்டம் விஷயத்தில் நான் வகித்த எல்லாப் பதவிகளையும் இன்றுடன் துறக்கிறேன். ஆகஸ்ட்டில் வா. இரண்டு வீட்டிலும் எது பாதுகாப்பு, எது வேகம் என்று உனக்குத் தோன்றுகிறதோ அதைப் போடு. என் மனுக்களைச் சீடியில் எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டேன். அவர் சொல்வதைக் கேட்டுப் பென்குவினை மட்டும் எடுத்துவிடாதே. நாற்பது எண்ணுவதற்குள் திறக்கிறது, நல்ல பறவை. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய் அவரோடு இருந்து பார்க்கப் போகிறேன். அவர் சுவிட்சைப் போடட்டும், நான் எண்ணுகிறேன்.

நீ செய்ய வேண்டியது வேறொன்று. அவருக்கு ஒரு கடிதம் எழுது. ஈமெயில் அல்ல. தாளில், பேனையால், உறையில் போட்டு, முத்திரை ஒட்டி. வகுப்பைப் பற்றி எழுது, பிள்ளைகளைப் பற்றி எழுது, பயந்ததைப் பற்றியும் எழுது. அவர் தாங்குவார். என்னைவிடத் தாங்குகிற ஆள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு பக்கம்தான். நான் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிற ஞானி இல்லை. ஒரு தாள், ஒரு பக்கம். மறுபக்கம் வெறுமையாக இருக்க வேண்டும்.

அவர் திருப்பிப் பார்ப்பார், எனக்குத் தெரியும். வெறுந்தாளைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்.

சரி, போ. மறுபக்கத்திலும் பாதி எழுது.

சித்தப்பா